கோடு இல்லாத எட்டு

எங்கள் வீட்டு ஸ்கூட்டரை ஓட்டுவது என் மனைவி. நான் பின்சீட்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் நெரிசலில் அவள் வண்டியை நுழைத்து எடுக்கும்போது, பின்னால் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடி மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டு போகும் மீசைக்காரர் ஒருவரை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தால், வணக்கம், அது நான்தான்.

"ஏன் சார், நீங்க ஓட்டலாமே" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "டிரைவர் வச்சுக்க வசதி இருக்கு, எதுக்கு நான் கஷ்டப்படணும்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு விஷயத்தை நாமே கேலி செய்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். இது நான் வெகுகாலமாகக் கையாளும் உத்தி.

தோண்டினால் கிடைத்திருப்பது இதுதான்: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம். விழுவது கூடப் பரவாயில்லை, விழும்போது யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? என் வயதுப் பையன்கள் எல்லோரும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகிய காலத்தில், முதல் தடவையே சரியாக ஓட்டுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று நான் காத்திருந்தேன். காத்திருந்ததில் மீசை நரைத்ததுதான் மிச்சம்.

எனக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்துவேன். சில பவர்களில் லென்ஸின் கோணம் ஒரு மயிரிழை பிசகினாலும் போட்டவருக்குத் தலை சுற்றும், படி இறங்கும்போது தடுமாறுவார். அதனால் நான் ஒரு தடவைக்கு நான்கு தடவை சரிபார்க்கிற ஆள். ஊரில் அதற்கு நல்ல பெயர். "அவர்ட்ட குடுத்தா சுத்தமா இருக்கும்" என்பார்கள். அந்தப் பாராட்டு எனக்குத் தேன் மாதிரி. கெடுதல் என்னவென்றால், கடையை மூடிய பிறகும் அந்தச் சரிபார்க்கிற ஆள் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறான். கூடவே வீட்டுக்கு வருகிறான், கூடவே சாப்பிடுகிறான், நான் படுத்ததும் அன்றைக்கு நான் பேசியது, நடந்தது, சிரித்தது எல்லாவற்றையும் விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறான். அவனுக்கு என்னிடம் ஒருநாளும் திருப்தி வந்ததில்லை. மாதா கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கும்போது ஒரே ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டேன். யாரும் கவனிக்கவில்லை, பங்குச் சாமியார் உள்பட. அதற்குப் பிறகு பல வருடங்களாக யார் கூப்பிட்டாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லி வருகிறேன். எங்கள் பங்குக் கோயிலில் என்னை ஆஸ்துமாக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படியே பின்சீட்டில் ஆயுள் முடிந்திருக்கும். என் மனைவியின் வலது தோள்பட்டை அதற்கு விடவில்லை.

அவள் ஆசிரியை. வத்தலக்குண்டு சாலையில் போய் உள்ளே திரும்பும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் காலை தலை வாரக் கையைத் தூக்கினாள், கை பாதியில் நின்றுவிட்டது. தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். சரியாகும், ஆனால் மெதுவாகத்தான் ஆகும், அதுவரை ஸ்கூட்டர் பக்கம் போகாதீர்கள் என்றார். மகன் வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். கடையில் எனக்கு உதவியாக இருக்கும் மச்சினனுக்குக் காலையில் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவே நேரம் சரியாக இருக்கும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆண்பிள்ளை யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பஸ்ஸில் போனாள். காலை நேரத்து வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். நிற்க வேண்டும், நிற்பதற்கு மேலே கம்பியைப் பிடிக்க வேண்டும். அவளால் பிடிக்க முடிந்தது இடது கை ஒன்றுதான், அதிலும் பை. ஒருநாள் பஸ் சடாரென்று நின்றபோது தன்னையறியாமல் வலது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்திருக்கிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை நல்லவர், "முடியலைன்னா நீண்ட லீவு போட்ருங்க டீச்சர், நான் வேற ஆள் கேட்டு எழுதுறேன்" என்று சொல்லியிருந்தார். இவளுக்குத்தான் மனசில்லை.

"இப்பத்தாங்க அதுக படம், மரம்னு எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிச்சிருக்குதுக. பாதியில விட்டுட்டு வந்தா அம்புட்டும் மறந்துபோகும்" என்றாள்.

"நான் பழகிக்கிறேன். உன்னைக் கொண்டுபோய் விடுறேன்" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை, வாய்தான்.

எல்எல்ஆர் வாங்கியாயிற்று. லைசென்ஸ் உள்ள ஒருவர் பின்னால் உட்கார்ந்து சொல்லித் தந்தால் எல்எல்ஆர்க்காரர் சாலையில் ஓட்டலாம் என்பது விதி. மனைவிக்கு லைசென்ஸ் உண்டு. "நாலு நாள் பழகிட்டு, எல் ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிரலாம்ங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மீசையை வைத்துக்கொண்டு, வண்டியின் நெற்றியில் பொட்டு மாதிரிச் சிவப்பில் எல் ஒட்டிக்கொண்டு, என்னிடம் கண்ணாடி போட்ட ஊர் முழுக்கத் தெளிவாகப் பார்க்கும்படி நான் போக வேண்டுமா? "எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிட்டுத்தான் உன்னை ஏத்துவேன். அதுவரைக்கும் ஆபத்து" என்று பொறுப்பானவன் குரலில் சொன்னேன். அவள் என்னைச் செத்த நேரம் பார்த்தாள். மறுநாளும் பஸ்ஸுக்குப் போனாள்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில், ஏதோ நகர் என்று வளைவு கட்டி, தார் ரோடு போட்டு, கல் நட்டு, வீடு மட்டும் இன்னும் வராத மனைகள் இருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் சிறுமலை தெளிவாகத் தெரியும். மாலையில் கடையை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டே அங்கே போவேன். மனைவி கூட வந்து ஒரு மனைக்கல்லில் உட்கார்ந்துகொள்வாள். அங்கே ஆடு மேய்க்கும் அம்மா ஒருவரும் உண்டு. அந்த இடம் எங்களுக்கு முன்னால் அவருடையது.

முதல் நாள் நான் வண்டியைத் தொடவேயில்லை. எட்டு போட வேண்டும் என்றால் முதலில் எட்டு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா? கோலமாவு பாக்கெட்டுகளும் கயிறும் முளைக்குச்சியும் கொண்டுபோயிருந்தேன். குச்சியை நட்டு, கயிற்றைக் கட்டி, சுற்றி வந்து ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொரு வட்டம். இரண்டும் தொடும் இடம் சரியாக அமையவில்லை, அழித்தேன். மறுபடி போட்டேன். ஓர் ஆடு வட்டத்துக்குள் நடந்துபோனது, அந்த இடத்தை மட்டும் திருத்தினேன். பொழுது சாய்ந்துவிட்டது. லென்ஸ் வெட்டினது போல இரண்டு வட்டமும் பளிச்சென்று நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டுக்கார அம்மா கிட்டத்தில் வந்து பார்த்தார். "ஏப்பு, எட்டு போடத்தான வந்தீக?"

"ஆமாம்மா."

"போட்டுட்டீகல்ல. பெறகென்ன, கெளம்ப வேண்டியதுதான."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஓட்டினேன். விழவில்லை என்று சொன்னால் சரிபார்க்கிறவன் சிரிப்பான். விழுந்தேன், ஆனால் ஆடுகளுக்கு முன்னால் மட்டும் விழுந்தேன். சில நாட்களில் முன்சக்கரம் கோலமாவுக் கோட்டைவிட்டு இறங்காமல் சுற்றி வரப் பழகிவிட்டது. நான் பார்ப்பதெல்லாம் அந்த வெள்ளைக் கோட்டை மட்டும்தான். சக்கரம் கோட்டில், கண் சக்கரத்தில். ஒரு துளி விலகினாலும் நிறுத்திவிட்டு, ஆரம்பத்திலிருந்து ஓட்டுவேன்.

"தலைய நிமித்துங்க. ரோட்ல யாரு உங்களுக்குக் கோலம் போட்டு வைக்கப் போறா?" என்று கல்லில் இருந்தபடி அவள் சொல்லுவாள்.

"முதல்ல இது சரியா வரட்டும்."

"வந்துருச்சுங்க. நாளைக்கு ஸ்கூலுக்குப் போவமா?"

"இன்னும் கொஞ்சம் சுத்தமா வரணும்."

தினமும் போவதற்கு முன் அழிந்த இடத்தில் மாவு போட்டேன். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு அங்கே ஏதோ கோயில் வரப்போகிறது என்று நினைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த நாட்களில்தான் குளியலறை விவகாரம். காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள யாரு? பைப்பு ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கா?"

"யாருமில்லையே."

"அப்ப யாரைப் போட்டு அந்தத் திட்டு திட்டுனீங்க? உதவாக்கரை, மரமண்டை, உனக்கெல்லாம் எதுக்குடா வண்டின்னு."

நான் துண்டால் முகத்தை இன்னும் கொஞ்சம் துடைத்தேன். "சும்மா. என்னையத்தான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நான் சொல்லும் எதற்கும் முதலில் சிரிப்பவள் அவள்தான். அன்று சிரிக்கவில்லை. "இந்த வீட்ல யாரையும் யாரும் அப்படிப் பேசக் கூடாதுன்னு பையன் சின்னவனா இருந்தப்பவே நம்ம பேசி வச்சிருக்கோம்" என்றாள். "உங்களுக்கும் சேத்துத்தான் அது." சொல்லிவிட்டு, ஒரு கையால் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டால் என்னை யார் வேலை வாங்குவது என்றுதான் தோன்றியது. வண்டிமாடு மாதிரி, அடி விழுந்தால்தான் நகர்வேன் என்பது என் அபிப்பிராயம். அடித்தும் நகரவில்லை என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

டெஸ்ட்டுக்கு நாள் குறித்த வாரத்தில் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக் காது பின்னால் வளைவு சரிசெய்துகொண்டிருந்தேன். திடீரென்று என் நெஞ்சு மத்தளம் அடிக்க ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின. சட்டை நனைந்துவிட்டது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பெரியவரிடம், "தொங்கலா இருக்காய்யா, இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன். சாகும்போதும் ஃபிட்டிங் சரியாக இருக்க வேண்டும் அல்லவா.

தெருமுனையிலேயே கிளினிக். டாக்டர் என்னிடம்தான் கண்ணாடி போடுகிறவர். படுக்கவைத்து, ஒயர்களை ஒட்டி, ஈசிஜி எடுத்தார். தாள் நீளமாக வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நல்லா வந்திருக்கா டாக்டர்?"

அவர் தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பரீட்சையா எழுதுனீங்க? ஏன், ஃபிரேம் போட்டு மாட்டப் போறீங்களா?"

"இல்ல, நான் மூச்சைக் கொஞ்சம் கூடுதலா இழுத்துட்டேன். அதுனால கோடு எங்கயாவது பிசகியிருக்குமோன்னு."

"இதயம் நல்லாருக்கு. அப்படி என்ன கவலை?"

"எட்டு, டாக்டர்."

"எட்டுன்னா?"

"ஸ்கூட்டர்ல எட்டு போடணும்."

நர்ஸம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். இப்படி நெஞ்சு படபடப்பது பதற்றத்தாலும் வரும், அது நடிப்பும் இல்லை பலவீனமும் இல்லை, மறுபடி வந்தால் வெட்கப்படாமல் வாருங்கள், அதற்கென்று பேசிப் பார்க்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் சரிபார்க்கிறவன் ஆரம்பித்தான்: பயப்படக்கூட உனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை, நெஞ்சு வலி என்று போய் நல்ல நெஞ்சைக் காட்டிவிட்டு வருகிறாய்.

டெஸ்ட் நாள் காலையில் மச்சினன் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தான், நான் பின்னால். மைதானத்தில் வேப்ப மர நிழலில் நாற்காலி போட்டு பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் டெஸ்ட் எடுக்கும் அதிகாரியை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண். அவள் பாதி எட்டில் காலை ஊன்றி, வண்டியைச் சாய்த்து, தானும் சாய்ந்து, எழுந்து சுரிதாரைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்து பையிலிருந்து ஒரு உளுந்த வடையை எடுத்துக் கடித்தாள்.

"உங்களுக்கு முதல் தடவையா அங்கிள்?"

"ஆமாம்மா. உனக்கு?"

"எனக்கு எத்தனையாவதுன்னே மறந்துபோச்சு. வடை வேணுமா?"

அந்த நேரத்தில் என்னால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. வடையை எங்கே விழுங்குவது.

என் முறை வந்தது. வண்டியை நிறுத்தித் தரையைப் பார்த்தேன். இரண்டு கல் நட்டிருந்தது. அவற்றைச் சுற்றி ஊர் முழுக்கவும் ஓட்டி ஓட்டிக் குழைந்த மண். வேறு ஒன்றும் இல்லை.

"சார், கோடு எங்க சார்?"

"என்ன கோடு?"

"எட்டு, சார்."

"எட்ட நீங்கதான்யா போடணும். நானே போட்டு வச்சா நீங்க எதுக்கு வாறீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மச்சினனும் சிரித்தான், அவன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. வண்டியைக் கிளப்பினேன். முதல் கல்லைச் சுற்றத் தொடங்கியதும் என் கண் தரையில் வெள்ளைக் கோட்டைத் தேடியது. கோட்டைத் தேடிக் கண் போன பக்கமெல்லாம் வண்டியும் போனது. கொஞ்ச நேரத்தில் வேப்ப மரம் எனக்கு நேர் எதிரே வந்தது. நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றார். நான் இரண்டு காலையும் ஊன்றி, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பவன் போல அவர் முன்னால் நின்றேன்.

"அடுத்த வாரம் வாங்க" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. அவருக்கு நான் வரிசையில் ஒரு ஆள். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"விடுங்க மாமா" என்றான் மச்சினன் வழியில். "கீழயும் விழல, யாரும் சாகவும் இல்ல." எனக்குள் ஒருவன் இடைவெளி விடாமல் பேசிக்கொண்டு வந்தான். அவன் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அப்படி ஒரு வாடிக்கையாளரிடம் நான் பேசியிருந்தால் கடையை அன்றே சாத்தியிருப்பார்கள்.

மாலை மனைவி வந்ததும் முடிவைச் சொன்னேன். எனக்கு வண்டி வராது, இனி முயற்சி செய்வதாக இல்லை, ஆட்டோ ஏற்பாடு செய்வோம் என்றேன். நான் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னேன், வேப்ப மரத்தோடு சேர்த்து நடித்தும் காட்டினேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள்.

"ஆட்டோ அந்த ஊருக்குத் தினமும் வராதுன்னு விசாரிச்சுத்தான வச்சிருக்கோம்."

"வேற வழி பாப்போம்."

"நாளைக்கு ஹெச்எம்கிட்ட லீவு சொல்லிர்றேன். ஒன்றரை மாசமா இந்தா சொல்றேன், அந்தா சொல்றேன்னு அவங்களை நிறுத்தி வச்சிருக்கேன். அவங்களும் ஆள் பாக்கணும்ல." பையை மேசையில் வைத்தாள். "நீங்க தினமும் அங்க போயி கோலம் போடும்போது நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நான் அழகா கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கல. கூட்டிட்டுப் போங்கன்னுதான் கேட்டேன்."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எப்போதும் வரும். நாக்கைத் துழாவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டே, கோபம் இறங்கின குரலில் சொன்னாள்: "எங்க கிளாஸ்ல ஒருத்தன் 'க'வத் தலைகீழா எழுதுவான். எழுதிட்டு சிலேட்ட எங்கிட்டக் காட்டிச் சிரிப்பான். நானும் சிரிச்சுட்டு, கையப் பிடிச்சு எழுத வைப்பேன். மறுநாளும் தலைகீழாத்தான் எழுதுவான். அவனை ஒருநாளாவது மரமண்டைன்னு சொல்லியிருப்பனா? உங்களத்தான் எங்க பிடிச்சு எழுத வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

நான் எழுந்துபோய் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்தேன். எல்லாவற்றையும் மடித்தேன், ஓரம் ஓரமாகச் சேர்த்து. சட்டை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது, அது மிகவும் சங்கடமான விஷயம். இத்தனை நாள் நான் ஓட்டப் பழகியது அவளைக் கொண்டுபோய் விடுவதற்காக அல்ல. அந்த மைதானத்தில் எனக்கு ஒரு சபாஷ் கிடைப்பதற்காக. அவள் தோள் அந்த நாளெல்லாம் பஸ்ஸில் ஆடிக்கொண்டிருந்தது. வழக்கம் போல என்னை நானே நாலு சாத்து சாத்தத் தயாரானேன். பிறகு, இந்தத் திட்டையும் திட்டி முடித்து, அதற்காக வருத்தப்பட்டு, அந்த வருத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் விடிந்துவிடும் என்று தோன்றியது. இறங்கி வந்தேன்.

"நாளைக்கு லீவு சொல்லாத. எல் ஸ்டிக்கர் எங்க வச்ச?"

அவள் அலமாரியைக் காட்டினாள்.

காலையில் ஸ்டிக்கரை உரித்து முன்பக்கம் ஒட்டினேன். கோணலாக உட்கார்ந்துவிட்டது. ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே. நகத்தால் மெல்லக் கிளப்பப் போனேன். அவளுடைய இடது கை வந்து அதை அழுத்தித் தேய்த்தது.

"ஒட்டுனது ஒட்டுனதுதான். ஏறுங்க."

நான் ஏறினேன். அவள் பின்னால் ஏறி, என் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தெருவைத் தாண்டும்வரை இரண்டு காலும் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தன. டீக்கடை வாசலில் இருந்தவர் ஒருவர், "சார் ஓட்டுறாரா, நடந்து போறாரா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, சொன்னது உண்மை.

மெயின் ரோட்டில் லாரிகள். நெஞ்சு மறுபடியும் மத்தளத்தை எடுத்தது. இம்முறை அதைப் பற்றி அவளிடம் சொன்னேன். "நெஞ்சு அடிக்குது."

"அடிக்கட்டும். ஓரமாப் போங்க. பஸ்ஸ விடுங்க. ம், இப்பப் போங்க. அம்புட்டுத்தான். நேராப் பாருங்க, தரையில என்ன இருக்கு?"

நேராகப் பார்த்தேன். புளிய மரங்களும், தென்னந்தோப்பும், முன்னால் பூக்கூடை ஏற்றிப் போகும் ஒரு மொபெட்டும் தெரிந்தன. அந்த மொபெட் எங்களைவிட்டு விலகிப் போகவில்லை, நாங்களும் அதை முந்தவில்லை. எனக்குள் இருப்பவன் கத்திக்கொண்டேதான் இருந்தான். ஆனால் பின்னால் ஒருத்தி போங்க, நிறுத்துங்க என்று சொல்லிக்கொண்டே வந்ததில், இரண்டு பேரில் ஒருவர் பேச்சைத்தான் கேட்க முடியும் என்று ஆகிவிட்டது. நான் மனைவிக்குப் பயந்தவன்.

பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் கேட்டைத் தொட்டுத்தான் நிறுத்தினேன். சற்று அழுத்தமாகவே தொட்டுவிட்டேன், சத்தம் கேட்டு வரிசை அப்படியே நின்றது. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், இவுக உங்க தாத்தாவா?" என்று கேட்டாள். "ஆமாப்பா, வணக்கம் சொல்லு" என்றாள் என் மனைவி, கூசாமல். எல்லோரும் கோரஸாக வணக்கம் தாத்தா என்றார்கள்.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, லைசென்ஸ் உள்ளவர் பின்னால் இல்லாமல் நான் தனியாக ஓட்டக் கூடாது. பின்னால் உட்கார வேண்டியவர் உள்ளே 'அம்மா, ஆடு' நடத்திக்கொண்டிருந்தார். வண்டியைப் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு, சாலைக்கு நடந்து வந்து பஸ் ஏறி திண்டுக்கல் வந்தேன். பஸ்ஸில் மல்லிகைப் பூ மூட்டைகளுக்கு நடுவே ஹெல்மெட்டோடு நின்ற என்னைக் கண்டக்டர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். "வண்டி எங்கண்ணே?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்றேன்.

லைசென்ஸ் பின்னால் வந்தது. அடுத்த முறையும் கால் ஊன்றினேன், அதற்கும் அடுத்த முறை ஊன்றவில்லை. அவள் தோளும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது. டாக்டர் சொன்ன அந்தப் பேசிப் பார்க்கும் டாக்டரிடமும் போனேன், இப்போதும் போகிறேன். எனக்குள் இருப்பவன் காலி செய்துகொண்டு போய்விட்டான் என்று சொன்னால் பொய். கடையில் லென்ஸ் வெட்டும்போது அவன் வேண்டும். மற்ற நேரத்தில் அவன் பேசுவது கேட்கிறது, பக்கத்து வீட்டு டிவி மாதிரி. சில நாள் சத்தம் அதிகம். முதல் வாசகம் வாசிக்க இன்னும் போகவில்லை. தொண்டை சரியில்லை.

அந்த முதல் நாள் மாலையைத்தான் சொல்ல நினைத்தேன். கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி மறுபடி பஸ் ஏறி, இறங்கி, நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தன. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

"வண்டி இங்க நிக்குது. நீங்க எப்படிப் போனீங்க?"

"பஸ்ல."

"இப்ப?"

"பஸ்லதான். தனியா ஓட்டக் கூடாதுல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோள் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று சைகை காட்டிக்கொண்டே சிரித்தாள். "இதுக்கு நானே பஸ்ல வந்து போயிருக்கலாமே."

"உன்னால பஸ்ல நிக்க முடியாது. என்னால முடியும்."

அவள் சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டின் மூடியைத் தூக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கையாலேயே முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். "ஹெச்எம்கிட்ட லீவு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்ன?"

"வீட்டுக்காரர் கொண்டுவந்து விடுறார்னு சொன்னேன்."

"நல்லா ஓட்டுவார்னு சொன்னியா?"

"நீங்க கேட்டுல மோதுனத அவங்களும் பார்த்தாங்கல்ல. நான் எதுக்குப் பொய் சொல்லணும்."

வண்டியைத் திருப்ப அங்கே இடம் குறைவு. ஒரு காலை ஊன்றி, பின்னால் தள்ளி, இன்னொரு காலையும் ஊன்றி, முன்னால் நகர்ந்து, மெல்ல மெல்லத் திருப்பினேன். அவள் அவசரப்படுத்தவில்லை. முகப்பு சாலையைப் பார்த்ததும் ஏறி உட்கார்ந்து, சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ம். போங்க."